பிரசவத்துக்கு யார் வருவது

திருப்பூர்,
ஞாயிறு.

அன்புள்ள சித்ராதேவி கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். லீட்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சுகமாயிருக்க முருகன் துணை. பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதில் ஒரு சிக்கல். இத்தனை வருடம் பனியனில் நூல் பிசிறு வெட்டிய உன் அம்மா சாரதாமணியைப் பெருமாநல்லூர் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். உனக்காக வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவளேதான் சொன்னாள். சொன்னவள் அன்று சோற்றைத் தொடவில்லை.

இதற்கிடையே உன் தம்பி மனைவி விஜயகுமாரியும் பிரசவ விடுப்பு முடிந்து தையல் வேலைக்குத் திரும்பிவிட்டதால், பகலில் அவர்கள் பாப்பா உன் தம்பி அருளிடமும் என்னிடமும்தான். இரண்டு ஆண்களும் வேலைக்குத் தகுதியில்லை என்று முதல் வாரம் முழுக்க அழுதே தீர்ப்புச் சொன்னாள். பிறகுதான் தெரிந்தது, முன் அறையில் அருள் ஓவர்லாக் தையல் மெஷினை ஓட்டினால் தூங்குகிறாள், நிறுத்தினால் விழிக்கிறாள். தாய் வயிற்றிலேயே கேட்டுப் பழகிய சத்தமல்லவா. அவன் டீ குடிக்கப் போனால் நான் வேஸ்ட் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இப்போது தலையணைக்குப் பஞ்சமில்லை.

மாடியில் அருள் பாப்பாவின் துணிகளைக் காயப்போடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் துக்கம் விசாரிக்க வந்தார். "ஏனுங்க மாமா, மருமவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?" வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அருள் ரொம்ப ஒத்தாசையான பையன் என்று பாராட்டினார். பெற்ற பிள்ளையின் துணியைத் துவைப்பது யாருக்குச் செய்யும் ஒத்தாசை என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் வரவில்லை.

ஆகவே கண்ணு, உன் பிரசவத்துக்கு நானே வருகிறேன். அம்மாவிடம் சொன்னபோது, "ஆம்பள போயி என்னங்க பண்ணுவீங்க?" என்றாள். பிறகு அவள் கண் முன்னாலேயே பாப்பாவைக் குளிப்பாட்டிக் காட்டச் சொல்லி, பிசிறு தேடும் கண்ணோடு நின்றாள். கழுத்து மடிப்பில் சோப்பு இருந்ததென்று ஒருமுறை திருப்பி அனுப்பினாள். மறுநாள் பாப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஸுங்க" என்றாள். அன்று இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பூண்டுக் குழம்புக்கான தேர்வு புதன்கிழமை.

மாப்பிள்ளையிடம் சொல், நான் அவருக்கு மாற்று ஆளாக வரவில்லை, ஷிப்ட் பிரித்துக்கொள்ளத்தான் வருகிறேன். இரவு ஷிப்ட் அவருக்கு. காலுறை இல்லாமல் நடக்காதே. முருகன் அருளால் தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டாக வேண்டும். ஒன்று மறக்காமல் எழுது: நாள் முழுக்க உன் காதில் விழும் சத்தம் எது? நான் இப்போதே அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

உனக்கு அப்பாவும், வரப்போகிறவருக்கு அப்புச்சியுமான
ஆறுச்சாமி