நாலு எண்ணி இழுங்கள்

மார்ச் 4
பஸ் ஓட்டுநர் மூன்றாவது முறையாக என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்தார். ரயில்வே கேட்டில் சைக்கிள்காரர் குறுக்கே வந்ததைச் சொல்லத் தொடங்கினாலே மூச்சு தொண்டையோடு நின்றுவிடுகிறது. சைக்கிள்காரருக்குக் கீறல்கூட இல்லை. இவர்தான் இரண்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாத முடிவுக்குள் இவர் வண்டி ஓட்டலாம் என்று நான் கடிதம் தராவிட்டால் டிப்போவில் பஸ் கழுவப் போட்டுவிடுவார்களாம்.

நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். இதில் என்ன கஷ்டம்?

மார்ச் 11
இன்னும் மோசம். "வீட்ல பண்ணா நல்லா வருது மேடம். இங்க வந்தாத்தான் அடைக்குது" என்கிறார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! பத்து வருஷமாக இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்?

மார்ச் 12
அவர் வந்துபோனாலே எனக்குத் தலைவலி. "கோபத்த அடக்குற, அதான்" என்கிறார் வீட்டுக்காரர். அவர் நாலு பாத்திரம் கழுவினால் போதும், தன்னால் போய்விடும்.

மார்ச் 18
மானம் போனது.

நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க மேடம். கண்ணாடியில ஆளுங்க மூஞ்சியப் பார்த்தே இருபது வருஷம் வண்டி ஓட்டினவன் நான். கதை ரயில்வே கேட் கிட்ட வந்தாலே நீங்க மூச்சப் பிடிச்சுக்கிறீங்க. பஸ்ல ஆளுங்க அப்படிப் பிடிச்சா, முன்னாடி எதுவோ வருதுன்னு அர்த்தம். எனக்கும் நின்னுடுது."

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் யோசித்தால் — ஆமாம். ஒரு வார்த்தை தப்பிவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன். எண்ணுவதும் அதே பிடித்த மூச்சில். தலைவலி ஏன் வராது? அடிப்பாவி, நீ யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்? கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 25
எண்ணவில்லை. நோட்டையும் தூர வைத்துவிட்டேன். அவர் பேசப் பேச நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதுவே எவ்வளவு பாடு! கேட் வந்தது, சைக்கிள் வந்தது. என் தோள் இறங்கியது, சற்றுக் கழித்து அவருடையதும்.

"பிரேக் போட்டேன். வண்டி நின்னுடுச்சு மேடம்" என்றார். இத்தனை நாளில் கதை அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. அழுதார். நானும்தான்.

மார்ச் 27
மறுபடி வரச் சொன்னேன். மறுபடியும் பஸ் நின்றது. கடிதம் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 16
கார் மக்கர். சலித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினால், ஓட்டுநர் இருக்கையில் அவர். முன்வரிசையில் உட்கார்ந்தேன். ரயில்வே கேட் நெருங்கியது. ஓரமாக ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மூச்ச விடுங்க மேடம்."

விட்டேன்.