மேசையில் மிஞ்சிய புத்தகம்

ஸ்டோனி ரன், பென்சில்வேனியா
14 மார்ச் 1988, திங்கட்கிழமை

அன்புள்ள நெவினுக்கு,

இருபத்தைந்து வருடங்களாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனியும் அப்படி இருக்க முடியாது. லோயிஸ் உன் மனைவி; இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். ஆனால் முழுவதையும் படித்து முடிக்காமல் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்காதே.

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணி ஆர்லீனுக்கு முழங்கால் வலி குளிரோடு வந்தது; குளிரோடு போய்விடும் என்கிறார் மருத்துவர். பள்ளியில் எனக்கு இந்த ஆண்டும் பத்தாம் வகுப்பு இலக்கணம்தான். நீ கோழி வளர்த்த கொட்டகை இந்தப் பனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வாங்கியவர்கள் அதில் டிராக்டரை நிறுத்துகிறார்கள்.

நேற்று ஆராதனை முடிவில் பிஷப் வெல்டன் ஹார்ஸ்ட் உன் கடிதத்தைச் சபைக்கு வாசித்தார். அக்டோபரில் உனக்கு மாரடைப்பு வந்ததையும், அதைத் தேவனின் கடைசி எச்சரிக்கையாக நீ எடுத்துக்கொண்டதையும் வாசித்தார். பாதியில் இருந்த நாலாவது நாவலை நிறுத்திவிட்டாயாம். இனி எழுதப் போவதில்லையாம். 27ஆம் தேதி ஞாயிறன்று சபையின் முன் முழங்காலில் நின்று பாவ அறிக்கை செய்வாய். பத்தொன்பது வருடங்களுக்கு முன் விட்டுப்போன பிரசங்க ஊழியத்தை மறுபடி ஏற்றுக்கொள்வாய். போதகனாகத் திருவுளச் சீட்டு விழுந்தவனுக்கு ஊழியம் ஆயுள் முழுவதற்கும்தான், அதைச் சகோதரர் நெவின் மறக்கவில்லை என்று பிஷப் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வெளியே கார்களுக்குப் பக்கத்தில் ஐரா நோல்ட் என் தோளைத் தட்டினார். "என்ன லோவல், உன் தம்பி ஊரெல்லாம் ஓடிட்டு மூச்சு வாங்க நம்மகிட்டதான் வர்றான் போல. வரட்டும். முதல்ல என் மூக்கைப் பத்தி ஒரு பக்கம் எழுதினான் பாரு, அதுக்கு முழங்கால் போடச் சொல்லு" என்றார். அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன்னு சொன்னீங்களே, மூக்கு எந்தப் பக்கத்துல இருக்குன்னு எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். "என் பொண்டாட்டி படிச்சா. படிச்சிட்டு என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தா. அது போதாதா?" என்றார் ஐரா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைப் பற்றி எனக்கு இரண்டு வாரமாகவே தெரியும். லோயிஸ் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். "அவர் மேசைப் பக்கமே போறதில்ல லோவல். பழைய பாட்டுப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு ஏரியைப் பார்த்தபடி உக்காந்திருக்கார். அவர் அங்க வந்தா தனியாத்தான் வருவார். சபைப் பெண்கள் போடற அந்த வலைத்தொப்பியை நான் எடுத்து வச்சுப் பத்தொன்பது வருஷம் ஆச்சு, திரும்ப மாட்டிக்க மாட்டேன். அங்க படிச்சவன் நீ ஒருத்தன்தான். அவர்கிட்ட ஏதாவது சொல்லேன்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய் என்ற செய்தியை, நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கில் தங்கும் ருசிபோல இரண்டு வாரம் வைத்திருந்தேன்.

காரணம் உனக்குத் தெரியும். உன் இரண்டாவது நாவலில் ஒரு அண்ணன் வருகிறான். பள்ளி ஆசிரியர். கல்லறைக் கல்லில்கூடக் காற்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவன். ஆர்லீன் அதைச் சமையலறையில் படித்துவிட்டுக் கண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, "கோவிச்சுக்காதீங்க, ஆனா இது நீங்களேதான்" என்றாள். அன்றிலிருந்து உன் புத்தகங்களை நான் பள்ளியில்தான் படிப்பேன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

அதைவிட என்னை அறுத்தது போன வருடம் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த உன் பேட்டி. எங்கள் நூலகப் பெண்மணி அதை வெட்டிப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். 'மேசையில் ஒரே ஒரு புத்தகம் மிஞ்சியிருந்தது. தேவன் அதை எனக்கென்று விட்டு வைத்திருந்தார். நான் எழுதியதெல்லாம் அதோடு நான் போடும் சண்டைதான்' என்று சொல்லியிருந்தாய். தேவனால் துரத்தப்படும் எழுத்தாளர் என்று உனக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

நெவின், அந்தப் புத்தகத்தை விட்டு வைத்தது நான்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். எனக்கு மட்டும் தெரிந்தது எங்கே தொடங்குகிறது என்று அப்போதுதான் புரியும். 1963, ஏப்ரல். சபைக்குப் புதிய போதகர் வேண்டும். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குப் போய் அப்போதைய பிஷப் ரிஸ்ஸரின் காதில் ஒரு பெயரைச் சொன்னார்கள். நான்கு பெயர்கள் வந்தன. ஐரா நோல்ட், ஹார்வி ஷெங்க், நான், நீ. முன் மேசையில் ஒரே மாதிரியான நான்கு பாட்டுப் புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் வளையம். அவற்றில் ஒன்றுக்குள் திருவுளச் சீட்டு; அது யார் கைக்கு வருகிறதோ அவரே போதகர். பிஷப் சீட்டை வைத்தார், டீக்கன் கலைத்து அடுக்கினார். எதில் இருக்கிறது என்று மனிதர் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வயதில் மூத்தவர் முதலில் எடுக்க வேண்டும். ஐரா எடுத்தார். ஹார்வி எடுத்தார். மூன்றாவதாக நான் எழுந்தேன். இரண்டு புத்தகங்கள் மிச்சம்.

வலப்பக்கத்துப் புத்தகம் தட்டையாகக் கிடந்தது. இடப்பக்கத்தில் இருந்ததில் ரப்பர் வளையம் ஓரத்துக்கு நழுவியிருந்தது. பக்கங்கள் சற்றே விலகி, அவற்றுக்கு நடுவே விரல் நகமளவு வெள்ளை தெரிந்தது. குனிந்து நின்றவனுக்கு மட்டும் தெரியக்கூடிய வெள்ளை.

நான் செய்ய வேண்டியிருந்தது சின்ன வேலை. 'பிஷப், இந்த வளையம் நழுவியிருக்கு' என்று சொல்லியிருந்தால் போதும். மறுபடி கலைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம். ஆனால் அப்படிக் கலைத்தபின் சீட்டு எனக்கே விழலாம் அல்லவா? வீட்டில் என் இழுப்பறையில் மேற்கே ஒரு பல்கலைக்கழகம் அனுப்பிய அனுமதிக் கடிதம் இருந்தது. அதன் அடியில் நான் எழுதிய நாவலின் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அந்த நாளில் நம் சபையில் நாவல் படிப்பதையே ஒளித்துத்தான் செய்தோம். போதகன் நாவல் எழுதுவதை யார் நினைத்துப் பார்த்திருக்க முடியும்? தெரிந்தே சீட்டை எடுப்பது பதவி ஆசை, அதை விட்டுவிடுவதே தாழ்மை என்று அந்த ஒரு நொடியில் என் மனம் எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. தட்டையான புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உனக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

பிஷப் வரிசையாகத் திறந்து பார்த்தார். உன்னுடையதைத் திறந்ததும் லோயிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓடைப் பாலத்தருகே நீ வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும் லோவல். உனக்குப் பேச வரும். நான் எட்டாங்கிளாஸ். கோழிக்குத் தீனி போடத்தான் தெரியும். ஏன் என்னைப் போய்?" என்று கேட்டாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டே, "தேவ சித்தம் நெவின். அதைக் கேள்வி கேக்கக் கூடாது" என்றேன்.

புத்தகத்தை விட்டது கோழைத்தனம். பாலத்தருகே சொன்னது பொய். முதலாவதற்குப் பயத்தைக் காரணம் காட்டலாம். இரண்டாவதை நான் நிதானமாக, உன்மேல் கைவைத்துக்கொண்டு சொன்னேன்.

அதன்பின் நடந்தது எனக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் நினைக்கிறேன். உன் முதல் பிரசங்கத்துக்கு நான் குறிப்பு எழுதிக் கொடுத்தேன், மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் உட்தலைப்பு. நீ அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு நாலு நிமிடம் பேசாமல் நின்றாய். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு, ஓடை பெருகி உன் குஞ்சுகள் கூண்டோடு மூழ்கின காலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். கதவைத் திறந்துவிட நேரம் இருந்தும் எந்தக் கதவை முதலில் திறப்பது என்று தெரியாமல் நின்றதைச் சொன்னாய். என் பக்கத்தில் இருந்த ஹார்வி அழுதார். நான் இலக்கணப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

ஆறு வருடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கையில் காகிதமில்லாமல், உன்னைத் தொட்டிலில் பார்த்த இருநூறு பேர் முன்னால் நின்று நீ பேசினாய். எழுத்தை நீ அங்கேதான் கற்றாய். பிறகு தாங்க முடியாமல் ஊரைவிட்டுப் போனாய். நான் மேற்கே போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் பெட்டியில் இன்றும் அதே நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்தான். நல்ல வாக்கியங்கள், நெவின். ஒன்றிலும் உயிர் இல்லை. எழுதுவதற்காக நான் தப்பித்துக்கொண்டேன். எதிலிருந்து தப்பித்தேனோ அதை வைத்து நீ எழுதினாய். நீ தேவனோடு மல்லுக்கு நிற்கிறாய். அவரும் நானும் தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைத்துவிட்டுப் போகிறவர்களாகிவிட்டோம்.

இதை இன்று எழுத வைத்தது ஆர்லீன்தான். நேற்று மதியம் பன்றி இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தி, "நெவின் இனிமே எழுதவே மாட்டாராமா?" என்று கேட்டாள். இனி பிரசங்கம்தான் என்றேன். "அப்போ உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்க எனக்கு இனிமே வழியில்ல. வீட்டுல நீங்க எங்க பேசறீங்க? அவர் புத்தகத்துலதான் பேசறீங்க" என்றாள். சண்டைக்கு இழுக்கும் குரலில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள். என்னால் சாப்பிட முடியவில்லை. எழுந்து தொலைபேசியில் உன் எண்ணைச் சுற்றினேன். லோயிஸ் எடுத்தாள். உங்கள் டுலூத்தில் பனி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே, நீ எந்தச் சீட்டுக்காக லோயிஸைத் தனியாக விட்டுவிட்டு, எழுத்தையும் விட்டுவிட்டு வருகிறாயோ, அது உன்னைத் தேடி வந்ததல்ல. உன் அண்ணன் கண்டும் தொடாமல் உனக்கு விட்டுவந்தது. உன்னைத் துரத்தியது யார் என்று இப்போது தெரிந்துகொண்டாய். தேவன் என் கோழைத்தனத்தையும் கருவியாகப் பயன்படுத்தினார் என்று நீ சொல்லலாம். வெல்டன் ஹார்ஸ்ட் கட்டாயம் சொல்வார். எனக்கு அந்தச் சலுகையைத் தராதே.

இதனால் உன்னிடமிருந்து எதைப் பறிக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மூன்று நாவல்களும் நிற்பது அந்த மேசைமேல்தான். அதன் ஒரு காலை நான் உருவிவிட்டேன். இதைப் படித்தபின் உன்னால் ஒரு வரியும் எழுத முடியாமல் போகலாம். அப்படி ஆனால், நான் கெட்ட மனதோடு செய்தது எது, நல்ல மனதோடு செய்தது எது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டு வாரம் மௌனமாக இருந்ததில் வஞ்சம் இருந்தது. இப்போது பேசுவதில் அது துளிகூட இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

எப்படியானாலும், 27ஆம் தேதி வராதே. சபையின் முன் முழங்காலிட வேண்டியவன் நீ இல்லை. பிஷப்புக்கு என்ன காரணம் வேண்டுமானாலும் எழுது. உண்மையையே எழுதினாலும் நான் மறுக்க மாட்டேன். இதய மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடு. மேசைக்குப் போ. எழுத முடியாவிட்டாலும் போய் உட்கார். இதையே வேண்டுமானால் எழுது. அந்த அண்ணனுக்கு என் பெயரையே வைத்துக்கொள். எனக்காக ஜெபம் செய்ய வேண்டாம். லோயிஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகச் செய்.

நம் பக்கத்துக் கடிதங்கள் எப்படி முடியும் என்று உனக்குத் தெரியும். 'கர்த்தருக்குள் உன் சகோதரன்' என்று எழுதி, கீழே பெயர். உனக்கு இதுவரை எழுதிய எல்லாக் கடிதங்களிலும் யோசிக்காமல் போட்டவன் நான். இன்று காலையிலிருந்து மூன்று தாள்களில் எழுதிப் பார்த்து மூன்றையும் கிழித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால் சபை என்னைக் கூப்பிட்டு விசாரிக்கும் என்ற பயமும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பேனா நிற்பது அங்கே அல்ல, 'உன் சகோதரன்' என்ற இடத்தில். அதை நீ சொன்னால்தான் நான் எழுத முடியும். தபால் வண்டி இரண்டு மணிக்கு வரும். கையெழுத்தில்லாமலே இதை அனுப்பிவிடுகிறேன்.