மருமகன்தான் என்று நீ சொன்னாய்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் பேத்தி தாரணி, மிளகாய்த்தூள் தூவிய முந்திரிப்பருப்பைக் காகிதக் கூம்பில் வாங்கி வந்து என் மடியில் வைத்தாள். ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். லேசாகத் தீய்ந்த ஓட்டு வாசம். அதற்கு மேல் எனக்குப் படம் ஓடவில்லை. ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரிக் கொட்டகையில், உன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இந்தக் கடிதத்தை நீ உயிரோடு இருக்கும்போதே எழுதியிருந்தாலும் உன்னால் படித்திருக்க முடியாது, நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அப்போதும் எனக்குச் சாதகமாக நாலு வரியை மாற்றித்தான் வாசித்திருப்பேன். அப்படிப்பட்டவள் நான். நான் அப்படிப்பட்டவள் என்பது கடைசி வரை உனக்குத் தெரியாமல் போனதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது.

என்ன படம் என்று கேட்கிறாயா? நம்முடைய 'மேலறைச் சாவி'தான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வாரா வாரம் பத்திரிகையில் வந்ததே, அந்தக் கதை. பிறகு புத்தகமாகவும் வந்து ஏகப்பட்டது விற்றதாம். இப்போது சினிமா எடுத்திருக்கிறார்கள்.

உனக்கு நினைவிருக்கும். வறுத்துக் கொட்டிய கொட்டைகளைக் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருப்போம். கொட்டை ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று எல்லாரும் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வோம். பத்திரிகை வருகிற வெள்ளிக்கிழமை மட்டும் நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தள்ளி உட்காருவேன். தாளில் கறை படக்கூடாதல்லவா? நான் வாசித்து முடிக்கிற வரைக்கும் என் பங்குக் கொட்டையை நீங்கள் ஆறு பேரும் ஆளுக்கு ஒரு கை உடைத்துப் போட வேண்டும். அது நமக்குள் இருந்த ஏற்பாடு. அங்கே ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். கருத்துப்போன கைகளுக்கு நடுவே என் கை மட்டும் வெள்ளையாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

கதையில் ஒரு பெரிய வீட்டு அம்மாள், உள்பக்கமாகப் பூட்டிய மேலறையில் செத்துக் கிடக்கிறாள். சொத்து கேட்டுச் சண்டை போட்ட தம்பி மகன், வேலையிலிருந்து விரட்டப்பட்ட தோட்டக்காரன், முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் சமையல்காரக் கிழவி என்று எல்லார் மேலும் சந்தேகம் வருகிற மாதிரி எழுதியிருந்தார் கதாசிரியர். சந்தேகம் வராத ஒரே ஆள், அந்த அம்மாளின் மகளைக் கட்டிய மருமகன். பந்தல் போட்டது அவன், ஊருக்குச் சொல்லி அனுப்பியது அவன், விழுந்து புரண்டு அழுததும் அவன்.

மூன்றாவது வாரமே நீ கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "மருமகன்தான்டி."

எல்லாரும் சிரித்தார்கள். "அடிப்பாவி, அவன் ஒருத்தன்தானே உருகி உருகி அழுகுறான்!" என்றாள் ஒருத்தி.

"அழுகுறதுக்கு முன்னாடி தோள்ல கெடந்த துண்டை ஒதறி, மடிச்சு, ஓரமா வச்சான்னு இவ படிச்சாளா இல்லையா? நெசமா அழுகுறவனுக்குத் துண்டு எங்கிட்டுக் கெடக்குன்னே தெரியாதுடி."

நான் குனிந்து தேடினேன். அந்த வரி இருந்தது. நான் வாய்விட்டு வாசித்துவிட்டு, கவனிக்காமல் தாண்டிப் போன வரி.

அன்றிலிருந்து கொட்டகையே மாறிப்போனது. நான் வாசித்து முடித்ததும் எல்லார் முகமும் உன் பக்கம் திரும்பும். "நீ என்னக்கா சொல்ற? சாவி எப்புடி உள்ள போச்சு?" என்று உன்னைத்தான் கேட்டார்கள். நான் வெறும் தொண்டை ஆகிவிட்டேன். வானொலிப் பெட்டியை யாராவது கருத்துக் கேட்பார்களா? வெளியில் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

கடைசி வாரம் வந்தது. டீக்கடைக்காரர் படித்து முடித்த பத்திரிகையைத்தான் நாம் வாங்கிக்கொள்வோம். அன்றைக்குப் போய்க் கையை நீட்டினால், கதை இருந்த கடைசி நாலு பக்கத்தைக் காணோம்.

"காலையில கூட்டம் ஆத்தா. வடை மடிச்சுக் குடுத்துட்டேன் போலருக்கு," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு.

வெறுங்கையோடு எப்படித் திரும்புவேன்? மீதிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் 'பக்கத்தைக் காணோம்' என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கொட்டகை வாசலில் கால் வைத்ததும், "வந்துட்டாடி படிச்சவ! ஒக்காரு, ஒக்காரு. இன்னிக்கு மருமகனுக்கு விலங்கு!" என்று நீ கத்தினாய். எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்காக உடைத்துப் போட வேண்டிய கொட்டைகள் முன்கூட்டியே குவியலாகக் கிடந்தன.

நான் கையைக் கழுவினேன். உட்கார்ந்தேன். பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். கண்ணெதிரே கூந்தல் தைல விளம்பரம். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு முடிவை 'வாசித்தேன்'. சமையல்காரக் கிழவிதான் பாலில் விஷம் கலந்தாள் என்றேன். அவளுக்கு முப்பது வருஷத்து வஞ்சம் ஒன்றைக் கொடுத்தேன். போலீஸ் வண்டியில் ஏறும்போது அவளை அழவும் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

நீ சொன்னபடியே மருமகன் என்று முடித்திருக்கலாம். எளிதும் அதுதான், பொருத்தமும் அதுதான். நான் வேண்டுமென்றேதான் மாற்றினேன். எழுத்தறிந்தவள் நானாக இருக்கும்போது, கண்டுபிடித்தவள் நீயாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

அதோடு விட்டேனா? பத்திரிகையை இறக்கிவிட்டு, "பாவம்டி அந்த மருமகன். துண்டை மடிச்ச குத்தத்துக்கு அவனைத் தூக்குல போடப் பாத்தியே!" என்றேன். கொட்டகையே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய். பிறகு அடுத்த கொட்டையை எடுத்துக்கொண்டு, "எனக்கென்னடி தெரியும், கைநாட்டு," என்றாய். நீ அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அது வெறும் கதையோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து உன் மகள் மீனாவைப் பெண் பார்க்க நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். பையன் லட்சணமாக இருந்தான், பெரியவர்களிடம் பணிவாகப் பேசினான். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நீ மட்டும் அடுப்படிக்குப் பின்னால் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏ படிச்சவளே, இங்கிட்டு வா. கால் கழுவ வந்த எடத்துல அவங்க ஆத்தா செம்போட தடுக்கி விழுந்துச்சுல்ல? ஓடிவந்து தூக்குனது நம்ம வீட்டுப் பயலுக. பெத்த புள்ள, தன் வேட்டியில தண்ணி தெறிச்சிருச்சான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிறான். எனக்கு மனசு ஒப்பலடி."

உன் கண் அப்போதும் சரியாகத்தான் பார்த்திருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய். "ஒனக்கு மருமகன்னாலே கொலைகாரன்தானா? கதையிலயும் இப்புடித்தான் சொல்லி மூக்கொடபட்ட. நல்ல எடத்தைக் கெடுத்துக்காத."

நீ குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாய். "அதுவுஞ்சரிதான். எனக்கென்ன தெரியும்," என்றாய். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

இரண்டு வருஷத்தில் மீனா ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அங்கே என்ன நடந்தது என்று நீ முழுதாகச் சொன்னதில்லை. அவள் தோளில் இருந்த தழும்பைப் பார்த்த பிறகு நானும் கேட்கவில்லை. 'நீதானேடி கெடுக்காதேன்னு சொன்ன' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உன்மேல் எனக்கு ஆத்திரம் என்றால் அதற்குத்தான்.

'மேலறைச் சாவி' புத்தகம் ஒருமுறை ஊர் நூலகத்தில் கண்ணில் பட்டது. தொடாமல் வந்துவிட்டேன். கொன்றவள் கிழவியாகவே இருக்கட்டும், நான் சொன்னது தற்செயலாக உண்மையாக இருந்துவிடட்டும் என்று ஒரு நப்பாசை. நீ போன பிறகு அந்த ஆசையை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் படத்துக்குப் போனேன்.

அந்தப் படத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! பெரிய வீடு இல்லை. சென்னையில் இருபத்து மூன்றாம் மாடியாம். மேலறை இல்லை, சாவி இல்லை. கதவைத் திறக்கக் கட்டைவிரலை வைக்கிறார்கள். தோட்டக்காரன் இல்லை. சமையல்காரக் கிழவி இருந்த இடத்தில் ஒரு இயந்திரம் காபி போடுகிறது. மருமகன்தான் கதாநாயகன். மாமியார் செத்த மூன்றாம் நாள் வெளிநாட்டில் பனியில் உருண்டு பாட்டுப் பாடுகிறான், திரும்பி வந்து பத்துப் பேரை அடிக்கிறான். கடைசியில் கொலை செய்தது யாராம்? விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டராம்!

"யாருடா இவன்? கதையிலயே இல்லாதவன்!" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"பாட்டி, கொஞ்சம் சும்மா இருங்க," என்றது பின்வரிசை.

"நீ சும்மா இரப்பா. நான் நாப்பது வருசமாச் சும்மா இருந்தேன்," என்றேன். தாரணி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "சினிமாவுக்காக மாத்திட்டாங்க அப்பத்தா. அதுக்குப் போயி ஏன் இம்புட்டுக் கோவம்?" என்றாள். நிஜக் கதையில் யார் என்று கேட்டேன். அவள் படித்ததில்லை. அவளை இழுத்துக்கொண்டு புத்தகக் கடைக்குப் போனேன். அட்டையில் அந்தக் கதாநாயகன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். பொடி எழுத்து. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன்.

மருமகன்தான்.

எப்படிப் பிடித்தார்கள் என்றும் போட்டிருந்தது. அந்தத் துண்டுதான். துப்பறிகிறவன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். நீ இரண்டு வரியில் சொன்னதைத்தான் பேசுகிறான். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தாரணி பயந்துபோய்த் தண்ணீர் வாங்க ஓடினாள்.

சினிமாக்காரர்களை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் வாய் அடைத்தது. முடிவை மாற்றினோம் என்று அவர்களாவது ஊரறியச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் யாரிடம் சொன்னேன்?

மறுநாள் காலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மீனாவிடம் போனேன். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை, தைல விளம்பரம், கிழவி, அடுப்படியில் நான் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் ஒரு தையலை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சாகுற வரைக்கும் எதைக் கேட்டாலும் 'எனக்கென்ன தெரியும்'னுதான் சொன்னிச்சு, சின்னாத்தா," என்றாள். "அது எங்க அம்மா சுபாவம்னுல நான் நெனச்சேன்."

அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் எழுந்து போய் எனக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள். உன் மகள்தானே.

டம்ளரைக் கொடுத்துவிட்டு, பேச்சை மாற்றுகிற மாதிரி, "போன வாரம் நம்ம பாப்பாவுக்கு ஒரு எடம் வந்துச்சு. நீங்களும்தான் வந்து பாத்தீங்க. என்ன சொல்றீங்க சின்னாத்தா?" என்றாள்.

அன்று இடுப்பில் வந்த குழந்தைக்குத்தான் இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நான் பார்த்தேன். அந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, நுனி நாக்கில்தான் இருந்தது. விழுங்கினேன்.

"நீ என்ன பாத்த?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும், நீங்கதான்..."

"அந்தச் சொல்லு வேணாம்டி. அது ஒங்க அம்மாவுக்கு நான் குடுத்த சொல்லு, ஒனக்கு வேணாம். அவங்க வந்து ஒக்காந்து எந்திரிச்சுப் போற வரைக்கும் ஒங்கண்ணுல என்ன பட்டுச்சு? அதை மட்டும் சொல்லு."

தைத்த துணியின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். ஏதோ ஒன்றை அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன் சின்னாத்தா," என்றாள்.

நாலு நாள் ஆகிவிட்டது. தினமும் போகிறேன், அவள் எதிரில் உட்காருகிறேன், காபி குடிக்கிறேன். அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?