பச்சை அந்த மரத்துடையது அல்ல

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, நாலாயிரத்து இருநூறு பேர் பின்னால் நின்று கைதட்டும்போது உனக்குத் தலைவலிகூட வராது. போனில் பேசலாம்தான், ஆனால் நீ நடுவில் ‘அம்மா, ஒரு நிமிஷம்’ என்பாய், அந்த ஒரு நிமிஷத்தில் என் கோபம் ஆறிவிடும். ஆறக் கூடாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். நம் பூங்காவில் விளையாட்டுத் திடல் பக்கத்துப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தை வெட்டக் கூடாது என்று அங்கே வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் ஒரு மனு ஆரம்பித்திருக்கிறாய். ஆறு வயதில் அதன் வேரில் உட்கார்ந்து நீ பல்லைக் காட்டுகிற படத்தையும் போட்டிருக்கிறாய். அந்தப் படத்தை எடுத்தவள் நான், என் நிழல்கூட உன் காலடியில் விழுந்திருக்கிறது, பார். அதற்குக் கீழே, என் குழந்தைப் பருவத்தை வெட்டிச் சாய்க்கக் கையெழுத்துப் போட்ட அந்த இரக்கமில்லாத அதிகாரி யார் என்று கேட்டிருக்கிறாய். நான்தான்டா. கையெழுத்து என்னுடையது, மேலே இருந்து யாரும் சொல்லிப் போடவில்லை. அம்மா பூங்காத் துறையில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்பாய் போலிருக்கிறது. ஏழு பூங்காவுக்குக் கண்காணிப்பாளராகி நாலு வருஷம் ஆகிறது, உன்னிடம் சொல்லவும் செய்தேன், அப்போதும் ஏதோ ஒரு நிமிஷம் என்றுதான் போனாய்.

போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீ கூப்பிட்டாய். துணி துவைக்கிற மெஷின் ஏன் குதிக்கிறது என்று அரை மணி நேரம் கேட்டாய், நாலு காலுக்கும் மட்டம் பார்க்கச் சொன்னேன். மனு ஆரம்பித்து அப்போதே பத்து நாள் ஆகிவிட்டது. மெஷினைப் பற்றி அம்மாவிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. இதில் உன் அப்பாவின் கூத்து தனி. பையன் அனுப்பியது என்றதும் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார், பதினேழாவது பெயர் அவருடையது. உனக்கு ஏதோ பரிசு கொடுக்கிறார்கள், அதற்கு ஓட்டுப் போடச் சொல்கிறாய் என்று நினைத்தாராம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து என் எதிரில் போனை எடுப்பதில்லை, குளியலறைக்குக் கொண்டு போகிறார். முட்டிவலி கொஞ்சம் தேவலை, காலையில் பூங்காவுக்கு நடக்க வருவதை மட்டும் விட்டுவிட்டார். மரத்தைக் காக்கிறோம் என்று அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் அவரைப் பார்த்தால் நம்ம ஆள் என்று கைகுலுக்குகிறார்களாம், அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

இப்போது மரத்துக்கு வருகிறேன், நீ கேட்காததால் நானே சொல்கிறேன். நடைபாதை ஓரம் பதினோரு மரம், எல்லாம் ஒரே வருஷம் நட்டவை, எல்லாவற்றுக்கும் ஒன்றாக வயதாகிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒவ்வொன்றையும் மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், சந்தேகம் வந்ததில் ஊசித் துளை போட்டு அளந்தோம். நாலு மரம் உள்ளே உளுத்து வெறும் கூடு. உன் மரத்தின் அடியில் நாலு பேர் கைகோர்த்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும், அதில் உருப்படியான கட்டை ஓரத்தில் ஒரு சாண், மீதி ஈரத்தூள். அப்போதும் நான் கோடாலியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. வருஷத்துக்கு இரண்டாக எடுக்கலாம், எடுக்கிற இடத்தில் ஒரே சாதியாக நடாமல் ஐந்து வகை கலந்து நடலாம், இன்னொரு அறுபது வருஷம் கழித்து யாரும் இப்படி மொத்தமாக மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று திட்டம் போட்டு, நாற்பது கன்று வளர்த்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு மூன்று வயது, தோள் உயரம், பைக்குள் வேர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மழை இன்னும் மூன்று வாரம்தான் இருக்கும். அதற்குள் நடாவிட்டால் அடுத்த மழை வரைக்கும் பையில் பிழைக்காது, வேர் தன்னையே நெரித்துக்கொள்ளும். அந்த மரம் நிற்கிற வரைக்கும் அதன் கீழே குழி தோண்ட நான் யாரையும் இறக்கமாட்டேன். வருகிற இருபத்தெட்டாம் தேதி உன் மனு மேல் விசாரணை, அதில் தள்ளிப் போட்டால் மரமும் நிற்கும், கன்றும் போகும், கீழே ஊஞ்சலில் பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

மரம் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்று எழுதியிருக்கிறாய். யாருடைய பச்சை என்று பார்த்தாயா? எங்கள் ஆட்கள் அதை மாப்பிள்ளைக் கொடி என்பார்கள், விருந்துக்கு வந்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. உச்சி வரை ஏறி, மரத்தின் இலைக்கு வெயில் படாமல் மூடி, மேலே அதுதான் தழைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மரமெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு இலையை மடிக்கும், இது இரண்டு வருஷமாக மடிப்பதில்லை. மடிக்க அதற்கென்று இலை இருந்தால்தானே. அந்தக் கொடியை நட்டது யார் என்று நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், நான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு பம்ப் அறைச் சுவர் அசிங்கமாக இருக்கிறது, சீக்கிரம் படருகிற ஏதாவது வை என்றார்கள், நாற்பது குச்சி ஊன்றினேன், ஒன்றுகூடப் பட்டுப் போகவில்லை என்று வீட்டில் வந்து பெருமையும் அடித்தேன். எட்டு வருஷமாக அதை நானே பிடுங்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை. தப்பு செய்யாதவள் மாதிரி உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை.

அந்தக் கொடியை மேலிருந்து இழுக்கக் கூடாது, இழுத்தால் உளுத்த கிளையும் சேர்ந்து தலையில் வரும். அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெட்டு, மண்ணோடு ஒட்டி ஒரு வெட்டு, நடுவில் இருக்கிற துண்டை எடுத்துவிட்டு விட்டுவிட வேண்டும். அப்படித்தான் வெட்டினோம், மேலே இருப்பது பத்துப் பதினைந்து நாளில் தானாகக் காயும். காய்ந்தால் மரத்துக்குச் சொந்தமாக ஒரு இலையும் இல்லை என்று ஊரே பார்த்துக்கொள்ளும், நான் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது. காயக் காய நடக்க வருகிறவர்கள் படம் எடுத்து உனக்கு அனுப்பினார்கள், நீயும் ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம் பழுப்பு என்று இரண்டையும் ஒட்டி, பத்தே நாளில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதினாய். அன்றைக்கு ஒரே நாளில் மட்டும் இரண்டாயிரம் கையெழுத்து. எது கொடி எது மரம் என்று உனக்குத் தெரியாததைக்கூட மன்னிப்பேன், பூங்காக்காரி வீட்டில் பிறந்தால் எல்லோருக்கும் இலை தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தெரியாதபோது கேட்காமல், தெரிந்த மாதிரி ஊரைக் கூட்டினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கே என்ன நடந்தது என்றும் கேள். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி யாரும் உள்ளே போக வேண்டாம் என்று பலகை வைத்தேன். தினம் காலையில் கயிற்றை அறுத்துவிட்டு அடியிலேயே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல மனுஷிதான், என் கையைப் பிடித்து, “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா? இருந்தா இப்படிச் செய்ய மனசு வருமா?” என்றார். அவர் மடியில் இருந்த அட்டையில் பெரிய எழுத்தில் உன் பெயர். இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அலுவலக அறைக்குள் போய் விசிறியைப் போட்டுக்கொண்டேன், உன்னைப் பெற்ற இத்தனை வருஷத்தில் உன்னால் எனக்கு அவமானம் என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான். போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு பொட்டுக் காற்று இல்லை, அறுத்த கயிற்றை நம் ஏணி மாமா மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். உனக்கு அவரைத் தெரியும், எங்கள் மரமேறி, நீ சின்ன வயதில் அவர் தோளைவிட்டு இறங்கமாட்டாய். மேலே இருந்து ஒரு கிளை வந்தது. ஊஞ்சல் கம்பியில் அடித்துத் தெறித்ததால் அவர் தலை தப்பியது, தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. பள்ளிக்கூட நேரம் என்பதால் ஊஞ்சலில் யாரும் இல்லை, சாயங்காலம் விழுந்திருந்தால் என்ன என்று நான் எழுதப் போவதில்லை, நீயே நினைத்துக்கொள். ஏணி இனி மரம் ஏறுவது சந்தேகம் என்கிறார் டாக்டர். அவர் படுக்கையில் இருந்துகொண்டு, தம்பி எப்படி இருக்கான் என்று கேட்கிறார். மனு உன்னுடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை, நீயே சொல். கிளை விழுந்ததும் நான் வைத்த விஷத்தால்தானாம், உன் மனுப் பக்கத்துக்குக் கீழே அதையும் ஒருவர் எழுதியிருக்கிறார், நீ அதற்கு ஒரு கும்பிடு பொம்மை போட்டிருக்கிறாய்.

அடுத்தது இதுதான், நிதானமாகப் படி. விசாரணைக்கு முன்னால் அதிகாரிகள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர்களில் தங்கள் உறவினர் எவரேனும் உண்டா, ஆம் எனில் உறவுமுறை என்ன என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்றால் அந்த அதிகாரி விலகிவிட வேண்டும், அவர் கொடுத்த அறிக்கையும் எடுபடாது. எங்கள் எழுத்தர் என் மேல் உள்ள அக்கறையில் குனிந்து, “இல்லைன்னு போடுங்க மேடம், அவர் எங்கேயோ இருக்கார், யாருக்குத் தெரியப் போகுது” என்றார். பேனாவை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் விசாரணையில் துளை போட்ட அளவைக் காட்டி பத்து நிமிஷத்தில் முடித்திருப்பேன், இந்த மாதமே கன்று மண்ணுக்குப் போயிருக்கும். எழுத முடியவில்லை. பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக் குளிர்காயாதே. பெற்ற பிள்ளையை இல்லை என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான், அந்தக் கோபமும் உன் மேல்தான். ஆம் என்று எழுதினேன், உறவுமுறை மகன், கணவர் என்று இரண்டையும் எழுதினேன். மேலிடத்தில் படிவத்தை வாங்கிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது என் இடத்தில் உட்காரப் போகிறவர் தெருவிளக்குப் பிரிவுக்காரர், அவருக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றில் பல்பு இருக்கும் என்பது மட்டும்தான். முதல் மனுதாரர், அதாவது நீ, என்ன சொல்கிறாரோ அதைக் கேட்டுக்கொண்டு தள்ளிப் போட்டுவிடுவார். அப்பா கையெழுத்தை வாபஸ் வாங்கிவிட்டு நானே பேசுகிறேன் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார், பேச அனுமதி முதல் பெயருக்கு மட்டும், பதினேழாவது பெயருக்கு நாற்காலி கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். வர முடியாவிட்டால் எழுதி அனுப்பினால் போதுமாம். ஆக, அந்த மரம் செத்துவிட்டது என்று அந்த அறைக்குள் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் உரிமை இல்லை, உனக்கு மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கவரில் இரண்டு இலை வைத்திருக்கிறேன். அகலமாக இருப்பது கொடி. சின்னச் சின்னதாக ஜோடி ஜோடியாக இருப்பது தூங்குமூஞ்சி, அதைப் பக்கத்து மரத்தில்தான் பறித்தேன், உன் மரத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நீ போட்ட படத்தைப் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். பார்த்த பிறகும் வெட்டக் கூடாது என்று தோன்றினால் அதையே எழுது, அம்மாவுக்காக எதையும் மாற்ற வேண்டாம், எனக்கு உன் தயவு வேண்டாம். தப்பு என்று தெரிந்தால் மட்டும் அந்த நாலாயிரத்து இருநூறு பேரும் பார்க்கிற இடத்தில், அதே அளவு எழுத்தில், தப்பு என்று எழுது. கும்பிடு பொம்மை போடாதே.

மெஷின் குதிப்பது நின்றதா? குளிர் காலத்தில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன், இந்த வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நினைக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி பத்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை.

படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்த,
உன் அம்மா