அப்பாவின் ஊன்றுகோல்

மார்ச் 2

நம் வட்டத்தின் பெருமதிப்பிற்குரிய வாக்காளரே,

வணக்கம். கடந்த ஆண்டில் நம் வட்டம் கண்ட முன்னேற்றத்தைத் தங்களோடு பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். மேல்தெருவில் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. நூலகத்துக்குப் புதுக் கூரை வந்தது. தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. நாட்டின் பொருளாதாரம் ஏழு சதவீதம் வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சி உங்கள் வாசலுக்கே வந்து சேரும் என்று உறுதி கூறுகிறேன்.

உங்கள் ஊழியன்,
வட்ட உறுப்பினர்

பி.கு: அக்கா, முழங்கால் எப்படி இருக்கிறது? என் ஆள் ஒரு தாள் கொண்டுவருவார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. சின்ன விஷயம்தான்.


மார்ச் 8

டேய் சுருட்டை,

கடிதம் கிடைத்தது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் உனக்குப் பெருமதிப்பிற்குரிய வாக்காளர் ஆகிவிட்டேனா? உன் தலையில் முடியெல்லாம் போன பிறகும் நான் உன்னைச் சுருட்டை என்றுதானே கூப்பிடுகிறேன். அந்த மரியாதையாவது எனக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாதா?

நீ எழுதியதை நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். மருத்துவ நிலையம் இருக்கிறது, உள்ளே மருத்துவரும் இருக்கிறார். நூலகத்தில் ஒழுகவில்லை. தெருவிளக்கு எரிகிறது. அதுதான் எனக்குச் சந்தேகம். சின்ன வயதில் நீயாகவே பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கி வைத்தால், எதையோ உடைத்துவிட்டாய் என்று அர்த்தம்.

உன் ஆள் வந்தார். "எதுக்குங்க இந்தக் கையெழுத்து?" என்று கேட்டேன். "சும்மா ஒரு சம்மதம்தாம்மா, சாக்கடைக் குழாய் பதிக்கப் போறாங்க" என்றார். சாக்கடைக் குழாய் தெருவில் போகும். என் முன்னறை முடிகிற இடத்தில், பக்கச் சுவரில், கீழிருந்து மேல்வரை சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, அது எதற்கு? தையல் மெஷின் இருக்கிற அறை அது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஊரிலுள்ள அம்மாக்களெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிற அறை. அது போனால் என் பிழைப்பும் போயிற்று. அப்பாவும் அம்மாவும் விட்டுப் போன வீடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டால் யாரோ எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காரு" என்கிறார்கள். எத்தனை தடவைதான் கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன். நீ ஒரு வார்த்தை சொல். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

உன் மகள் குட்டிக்குச் சீருடைத் துணி வாங்கிவிட்டேன். பிள்ளையின் அளவு அனுப்பு.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நேரமில்லாததால் கணினியில் அடித்து அனுப்புகிறேன், பொறுத்துக்கொள். உன் முழங்கால் வலியை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது. புது மருத்துவ நிலையத்தில் அவசியம் காட்டு.

உன் கோரிக்கை என் கவனத்தில் இருக்கிறது. அந்தக் கோடு அளவெடுப்பதற்காகப் போட்டது. உன் முன்னறைக்கு எந்தப் பாதிப்பும் வராது. நாடே வளர்ந்துகொண்டிருக்கும்போது நம் தெரு மட்டும் பின்தங்கலாமா? தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

அன்புத் தம்பி


மார்ச் 20

டேய் சுருட்டை,

கோரிக்கையா? நான் உன்னிடம் கோரிக்கை வைத்தேனா? கேள்வி கேட்டேன்டா.

எதிர்த்த மளிகைக் கடைக்காரரிடமும் தாள் கொடுத்திருக்கிறார்கள். "உங்க தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க போடுங்கக்கா, பின்னாடியே நாங்களும் போடுறோம்" என்கிறார். தெருவே என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கோ பேனாவைத் தொடவே மனம் வரவில்லை. பதிலில் எல்லாம் இருக்கிறது, நீ மட்டும் இல்லாத மாதிரி இருக்கிறது.

நேற்று வாசற்படியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நினைவு வந்துவிட்டது. அந்த நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டிப் படியேறி வருவாரே, உனக்கு நினைவிருக்கிறதா? உன்னைத் தவிர வேறு யாரிடம் இதையெல்லாம் பேசுவேன்?

குட்டியின் அளவு இன்னும் வரவில்லை. துணி அப்படியே கிடக்கிறது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நெஞ்சைத் தொட்டது. அப்பாவின் ஊன்றுகோலை நினைத்தாலே கண் கலங்குகிறது. அந்தத் தட்டல் ஓசை இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் புதுச் சாலையின் இரு பக்கமும் சாய்தளத்தோடு நடைபாதை அமைக்க இருக்கிறோம்.

தாளைச் சீக்கிரம் அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 2

என் தம்பிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற எழுத்தர் ஐயாவுக்கு,

மாட்டிக்கொண்டீர்களா?

எங்கள் அப்பாவுக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது. பஸ் ஓட்டினவர். வேலை முடிந்து வந்தால் தெருமுனையிலேயே செருப்புச் சத்தம் கேட்கும், அவ்வளவு வேக நடை. தம்பி சேட்டை செய்துவிட்டு எவ்வளவு ஓடினாலும் எட்டிப் பிடித்து முதுகில் ஒன்று வைத்துவிடுவார். ஊன்றுகோல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. உங்களைப் பிடிக்கத்தான் அப்படி எழுதினேன். நீங்களோ அதன் சத்தத்தையே கேட்டுவிட்டீர்கள். நல்ல காது!

எனக்குக் கோபமில்லை. அது உங்கள் பிழைப்பு. சொல்லப்போனால் நன்றாகவே எழுதுகிறீர்கள். என் தம்பி முழங்காலைப் பற்றியெல்லாம் விசாரிக்கிற ரகமில்லை. அதைப் படித்தபோதே எனக்குப் பொறி தட்டியது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். சாக்கடைக் குழாய் எப்போது புதுச் சாலையாயிற்று? பாவம், இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் பெயரை வைத்துக்கொண்டு அங்கே யாரோ விளையாடுகிறார்கள். இந்தக் கடிதத்தைப் பிரித்தது யாராக இருந்தாலும் அவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அவன் எழுதட்டும், இல்லையென்றால் நேரில் வரட்டும். அதுவரை தாள் என் மெஷின் அடியில்தான் இருக்கும்.

சுருட்டையின் அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

கையாலேயே எழுதுகிறேன். என் கோழிக்கிறுக்கல் உனக்குத் தெரியும்.

எழுத்தர் என்று யாரும் இல்லை. உனக்கு வந்ததெல்லாம் நான் எழுதியதுதான்.

தினம் யார் யாரோ எழுதுகிறார்கள். புருஷன் போய்விட்டான், கூரை விழுந்துவிட்டது, கால் போய்விட்டது என்று. எல்லோருக்கும் "நினைத்தாலே கண் கலங்குகிறது" என்று எழுதி எழுதி அதுவே பழகிவிட்டது. உன் கடிதத்தையும் அந்தக் கட்டோடுதான் படித்தேன். ஊன்றுகோல் என்று கண்ணில் பட்டது, பதில் எழுதிவிட்டேன். நம் அப்பாவைப் பற்றி எழுதுகிறாய் என்று மண்டையில் ஏறவே இல்லை.

சாலை வருகிறது, அக்கா. முன்னறை போய்விடும். அது எனக்குப் போன வருடமே தெரியும். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. அதனால்தான் தொலைபேசியைக் கூட எடுக்கவில்லை.

நீ போட்டால்தான் தெருவில் மற்றவர்களும் போடுவார்கள். வாக்காளர்களுக்கு அனுப்புகிற அடுத்த வளர்ச்சி மடல் அச்சாகிவிட்டது. "உறுப்பினரின் மூத்த சகோதரியே தன் வீட்டின் முன்பகுதியை மனமுவந்து அளித்தார்" என்று போட்டிருக்கிறேன். குட்டியின் பிறந்தநாளில் நீ சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தையும் போட்டிருக்கிறேன். அழகாக இருக்கிறாய். இனி என்னால் எதையும் மாற்ற முடியாது. மெஷின் போட வேறு இடம் பார்த்துத் தருகிறேன். என் மானம் உன் கையில் இருக்கிறது. மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

சுருட்டை


ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய வட்ட உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் அனுப்பிய தாளைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அப்பாவைப் பற்றி இருந்ததை மட்டும் படிக்கவில்லை. அது நம் வீட்டு விஷயம். "அப்ப நாங்களும் போடலக்கா" என்றார். வருகிற நகர்மன்றக் கூட்டத்துக்குத் தெருவே கிளம்பி வருகிறது. என் படம் போட்ட மடலையும் எடுத்து வருகிறோம். மனமுவந்து அளித்தவளை எல்லோரும் நேரில் பார்க்கட்டும்.

எழுத்தர் ஒருவர் இருந்திருக்கலாம். அவர் எனக்குப் பொய் எழுதியிருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். என் தம்பி எங்கேயோ நல்லவனாகத்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

முதல் கடிதத்தில் என்னை வாக்காளர் என்று அழைத்திருந்தீர்கள். அதற்குப் போய் உங்களோடு சண்டை பிடித்தேன். நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

குட்டியின் சீருடை தயார். அளவு கடைசிவரை வரவில்லை. போன வருடத்து அளவை வைத்துக் குத்துமதிப்பாகத் தைத்தேன். பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று ஓரத்தில் துணியை நிறைய உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன், பிரித்துவிட்டால் போதும். உங்கள் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிப் போக நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
வாக்காளர்