போய் வந்தால்தான் பணம்

மச்சான்,

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் என் மானம் போயிற்று. மகளின் ஆராய்ச்சிப் போஸ்டரைச் சுருட்டி வைத்த குழாயை அவள் காலேஜில் கொண்டுபோய்க் கொடுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். பார்ப்பதற்குப் பீரங்கி மாதிரி இருக்குமல்லவா, ரயில்வே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார்.

"உள்ள இன்னா கீது பெருசு?"

பதற்றத்தில் என் வாய், "மூளை சார்" என்றது.

"யாரோடது?"

"ஃபிரண்டோடது சார்."

பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பிளாட்பாரத்திலேயே விரித்துக் காட்டிய பிறகுதான் என்னை விட்டார்கள். பளபளப்பான தாளின் நடுவில், சிவப்பும் நீலமுமாக, நீ.

ரயிலில் உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. இதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தும்விட்டேன். எடுத்த கை அப்படியே நின்றது. மாதக்கணக்காகியும் எனக்கு இது பழகவில்லை, மச்சான்.

இரும்புலியூரில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வாசல்தான் உன் மீன் வண்டிக்கு ஸ்டாண்டு. பத்தாவதைத் தாண்டாத நானும், பள்ளிக்கூடத்து மதிய சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்ட நீயும் மூளையைப் பற்றிப் பேசினோம் என்றால் ஊர் சிரிக்கும். என் மகள் அதைப் படம் பிடிக்கிற ஆராய்ச்சிக்குப் போனதால் வந்த வினை. நோயில்லாத, ஐம்பது தாண்டிய ஆட்கள் வேண்டும் என்றாள். முறிந்த கையில் தகடு வைத்திருப்பதால் அந்தக் காந்த மெஷினுக்குள் நான் போகக் கூடாது என்று தள்ளிவிட்டாள். முகத்தில் வருத்தம் காட்டினேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. நீ வந்தாய்.

உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றதும் உன் கை இடுப்புக்குப் போயிற்று. வெள்ளித் தாயத்து கோத்த அரைஞாண் கயிறு.

"இத்த உசுரு போனாத்தான் மச்சான் அறுப்பாங்க."

"வேணாம்னா வேணாம் மாமா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் மகள். வற்புறுத்தியிருந்தால் நீ போயிருப்பாய். முடிச்சை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாய். "நான் வர்ற வரிக்கும் கைய மூடிக்கினே இரு." உள்ளே மெஷின் டக்டக்கென்று இரைந்த நேரம் முழுக்க மூடியே இருந்தேன். வெளியே வந்து முதல் வேலையாக அவளைக் கேட்டாய்:

"உள்ள எதுனா இருந்துச்சா பாப்பா?"

"இருந்துச்சு மாமா."

"உங்கப்பன்கிட்ட சொல்லு. அவன் நம்பமாட்டான்."

அந்த ஆராய்ச்சியைப் போஸ்டராக வெளிநாட்டு மாநாட்டில் வைக்கக் கூப்பிட்டார்கள். பயணத்துக்கு மாணவர் உதவித்தொகையும் உண்டு என்று மெயில் வந்தது. நான் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். டப்பா காலியான பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, முதல்ல நம்ம காசுல போகணும். போயிட்டு வந்து டிக்கெட்டெல்லாம் காட்டினாத்தான் தருவாங்க."

போக வழியில்லாதவளுக்குத்தானே உதவி? போய் வந்தவளுக்கு எதற்கு? படிக்காதவன் மூளைக்கு எட்டவில்லை. "விடுங்கப்பா, இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றாள். சொன்னவள் அன்று சாப்பிடவில்லை.

செதில் ஒட்டிய கையோடு நீ கேட்டுவிட்டுச் சொன்னாய்: "திரும்பி வந்தா தர்றேன்றான்னா, பொண்ணு வந்துரும்னு அவனுக்கே நம்பிக்கை கீது. உனுக்கு இன்னா பேஜாரு?" புது வண்டி வாங்கக் கட்டிக்கொண்டிருந்த ஏலச்சீட்டை, நஷ்டம் என்று தெரிந்தே, பாதியில் தள்ளி எடுத்து என் கையில் வைத்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "என் மூளையாச்சும் பிளேன் ஏறட்டும், வுடு" என்றாய்.

மாநாட்டில் அவள் போஸ்டர் வைக்கிற நாளன்று உன் வண்டி கடை வாசலுக்கு வரவில்லை. உன் மகனின் போன்தான் வந்தது. "மாமா, அப்பா..." என்றான். கோவளத்தில், ஐஸ் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்துவிட்டாயாம். முந்தின நாள்தான் வஞ்சிரம் விலைக்கு என்னோடு மல்லுக்கு நின்றாய். உன் வீட்டுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

குளிப்பாட்டும்போது உங்கள் ஆள் ஒருவர் அரைஞாணை அறுத்தார். என் கை தானாக நீண்டது. உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உன் மகனிடம் கொடுத்தார்.

அப்போது பையில் போன் அடித்தது. மகள். சந்துக்குள் ஓடினேன்.

"அப்பா, என்ன சத்தம் அங்க? மேளமா?"

"கோயில்ல விசேஷம்மா."

"அப்பா, மாமாவச் சுத்தி ஒரே கூட்டம்! ஒருத்தர் போனா இன்னொருத்தர் வர்றாங்க. நான் இன்னும் சாயங்காலம் வரைக்கும் நின்னு பதில் சொல்லணும். நீங்க மாமாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. சந்தோஷப்படுவாரு."

"சொல்றேம்மா."

அவளுக்கு நடந்ததை, அவள் திரும்பி வந்த அன்று ஏர்போர்ட் வாசலில்தான் சொன்னேன். இந்தக் குழாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த உதவித்தொகையும் ஒழுங்காக வந்தது. அவளே கொண்டுபோய், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி கையில் கொடுத்தாள். இப்போது உன் மகன் புது வண்டியில் மீன் கொண்டுவருகிறான். என் கடை வாசலில்தான் நிறுத்துகிறான். விலை மட்டும் உன்னை மாதிரியே சொல்கிறான்.

என்னிடம் மிச்சமிருப்பது அவள் சொல்லியனுப்பிய அந்தச் சேதி. அன்று போனை வைத்துவிட்டு வந்தபோது உனக்கு மாலை போட்டு முடித்திருந்தார்கள். "மூஞ்சி பாக்கறவங்க பாத்துக்கோங்க" என்று யாரோ கத்தினார்கள். நான் குனிந்தேன். தங்கச்சி உன் தோளைப் பிடித்து உலுக்கி அழுதுகொண்டிருந்தாள். அந்த இடத்தில் அதைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள். உன் காது வரைக்கும் வந்த வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்துவிட்டேன்.

மச்சான், அங்க உன்னப் பாக்க வெள்ளக்காரன்லாம் வரிசையில நிக்கிறான்டா.