ஏழு மணிக்கு இரண்டு செய்தி

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று பேர் வந்து எங்கள் நிலையத்தை அளந்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஆண்கள், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. தீயணைப்புச் சோதனை என்று வரவேற்பில் சொன்னார்களாம். செய்தி வாசிக்கும் மேசையின் அகலம் தீயணைப்புக்காரர்களுக்கு எதற்கு? மொட்டை மாடிக்குப் போய்க் கோபுரத்தை ஏன் படம் எடுக்க வேண்டும்?

அதைவிட ஒன்று. ஸ்டுடியோ வாசலில் அந்தப் பெண்மணி குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். ஸ்டுடியோ தரையில் கீறல் விழுந்தால் கேமரா உருளும்போது படம் ஆடும். அது தெரிந்தவர் தொலைக்காட்சி ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் கேமராமேன் பார்த்துக்கொண்டே நின்றான். தோளிலிருந்து மூன்று கால் ஸ்டாண்டை இறக்கவே மாட்டான் என்பதால் அவனுக்கு முக்காலி என்றே பெயராகிவிட்டது. “வாடகைக்கு வீடு பாக்க வந்த மாதிரி இருக்கு அக்கா. குழாயைத் திறந்து பாக்கல, அவ்வளவுதான்” என்றான்.

இந்த ஊரில் எந்த அலுவலகத்தில் என்ன நடந்தாலும் சாயங்காலத்துக்குள் என் காதுக்கு வந்துவிடும். செய்தி ஆசிரியருக்கு அதுதானே பிழைப்பு. சொந்த அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

மேக்கப் அக்கா சொல்லிவிட்டார்: “விக்கப் போறாங்க.” யாருக்கு? “அதான் இன்னும் வந்து சேரல.”

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் சாப்பிட வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் அவள் செய்தி ஆசிரியர். இந்தப் பக்கம் நான். ஊரில் இருப்பதே இந்த இரண்டு நிலையங்கள்தான், இரண்டும் செய்தி போடுவது ஏழு மணிக்கு. அத்தை தன் மகளின் செய்தியைத்தான் பார்ப்பார், அதில் ஒளிவுமறைவே கிடையாது. சாப்பாட்டு மேசையில் தொழில் பேசக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் உட்காருகிறவர் இவர்தானே.

சட்டத்தை முதலில் மீறியது அவள்தான். “அண்ணி, உங்க ஸ்டுடியோல எத்தனை கேமரா?”

“எதுக்குக் கேக்கறே?”

“சும்மாதான்.”

சும்மா கேட்கிற ஆளா அவள்? பாத்திரம் கழுவும்போது பிடித்துவிட்டேன். அவர்கள் முதலாளி எங்கள் நிலையத்தை வாங்கப் போவதாக அங்கே பேச்சாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடும் பேச்சு, எங்கள் முதலாளி அவர்கள் நிலையத்தை வாங்குகிறார் என்பது. ஈரக் கையோடு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கூடத்திலிருந்து இவர் குரல்: “அங்க என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல” என்றோம், இரண்டு பேருமே.

மார்ச் 10, செவ்வாய்

இன்றைய நிலவரப்படி எங்களை வாங்குகிறவர்கள்: டிரைவர் கணக்கில் அடுக்குமாடி கட்டுகிறவர், இடத்துக்காக. வரவேற்புப் பெண் கணக்கில் தேர்தலில் நிற்கப்போகும் யாரோ. முக்காலி சமையல் எண்ணெய்க் கம்பெனி என்கிறான். ஏன் என்று கேட்டால், விளம்பரத்துக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் நிலையத்தையே வாங்குகிறார்களாம்.

பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. “மேசை நாற்காலிய யாரு வாங்கப் போறா? நம்ம கையில இருக்கிற ஒரே சொத்து உரிமம்தான். அலைவரிசைய வாங்குவாங்க. நாம அதோட ஒட்டிக்கிட்டு வர்ற தூசி.”

அதற்கப்புறம் யாருக்கும் ஊகம் சொல்ல மனம் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

முதலாளியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். “நிலையத்த விக்கறீங்களா சார்?”

“யார் சொன்னா?” என்றார்.

விற்காதவர் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பார். ஊரில் எத்தனை அதிகாரிகளிடம் இந்த ‘யார் சொன்னா’வை வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதற்கு ‘ஆமாம்’ என்றுதான் அர்த்தம்.

“நாமதான் இன்னும் பெருசாகப் போறோம்னு வச்சுக்கயேன்” என்று வாசல்வரை வந்து தோளைத் தட்டினார். இதற்குமுன் அவர் என்னை வாசல்வரை வழியனுப்பியதே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

நாத்தனார் போன் செய்தாள். பேச்சுவாக்கில், அவர்கள் நிலையத்திலும் போன வாரம் மூன்று பேர் வந்து அளந்தார்கள் என்றாள். மின்சாரச் சோதனை என்று சொன்னார்களாம்.

“அதுல ஒரு பொம்பள உண்டா?”

“ஆமா. முடி ஒட்ட வெட்டியிருந்தாங்க.”

“செருப்பக் கையில வச்சிருந்தாங்களா?”

அவள் குரல் தாழ்ந்தது. “அண்ணி, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஆக, அவர்கள் எங்களை வாங்கவில்லை, நாங்கள் அவர்களை வாங்கவில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்குகிறார். இரண்டு முதலாளிகளும் விற்றுவிட்டு, வாங்குவதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்கள். மற்றவரும் விற்கிறார் என்பது இருவருக்குமே தெரியாது போலிருக்கிறது.

எவ்வளவு அழகான செய்தி. யாரிடமும் சொல்ல முடியாத செய்தி.

மார்ச் 16, திங்கள்

நேற்று அழகு என்று எழுதினேன். என்ன புத்தி எனக்கு.

இரண்டு நிலையத்தையும் ஒருத்தன் வாங்கினா ஏழு மணிக்கு எதுக்கு ரெண்டு செய்தி? ஒண்ணு போதுமே. ஒரு செய்திக்கு எதுக்கு ரெண்டு ஆசிரியர்? அவளா நானா — இதுதானே விஷயம். அளந்தது மேசையை இல்ல, எங்களை. பல் தேய்க்கறப்போதான் உறைச்சுது. நுரையோட அப்படியே நின்னுட்டேன்.

அவளுக்கு நேற்றே புரிந்திருக்குமா? புரிந்திருக்கும். என்னைவிட வேகமானவள்.

மார்ச் 19, வியாழன்

அத்தை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்மணி இன்று நாத்தனாரைக் காபி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம். என்னை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அவள் போன் மூன்று முறை வந்தது. எடுக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள உயிரே போகிறது, ஆனாலும் எடுக்கவில்லை. இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தார்.

மார்ச் 21, சனி

காலையில் நிலையத்து வாசலில் நிற்கிறாள். அவள் இங்கே வந்ததே கிடையாது. காவலாளி அவளைத் தெரிந்துகொண்டு, எதிரணி ஆளை உள்ளே விடலாமா என்று முழித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணி போன் எடுக்கல?”

“வேலை.”

“வேலையா, கோவமா?”

எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். அவளே சொன்னாள். வாங்குவது வெளியூர் நிறுவனம், இப்படி ஊர் ஊராக நிலையங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே செய்தி அறை, ஒரே ஆசிரியர். நீ வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

“என்ன சொன்னே?”

“எங்க அண்ணிய என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.” சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். “வேணாம்னும் சொல்லல அண்ணி. பொய் சொல்ல விரும்பல. யோசிக்கறேன்னேன்.”

அவள் சொன்னதிலேயே அந்தக் கடைசி வரிதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதாலா?

பிறகு அவள் கேட்டாள்: “வேற ரெண்டு கடை இப்படிக் கைமாறினா நீங்க செய்தி போடுவீங்களா மாட்டீங்களா?”

முதல் செய்தியாகவே போடுவேன். ஊரில் அடைத்த சாக்கடையைக்கூட விடாத ஆட்கள் நாங்கள். ஆனால் தன் நிலையம் விற்பனைக்கு வந்ததை எந்த முதலாளி ஒளிபரப்ப விடுவார்?

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. தன் கதையைத்தானே விடமாட்டார். அடுத்தவர் கதையை?

மார்ச் 23, திங்கள்

முதலாளி அறைக்குப் போனேன். “அந்தப் பக்கத்து நிலையம் வெளியூர்க்காரங்க கைக்குப் போகுது சார். உறுதியானா போடலாமா?”

முகம் மலர்ந்துவிட்டது. “போடு, போடு. தலைப்புச் செய்தியாவே போடு. பாவம், அவனால தாக்குப்பிடிக்க முடியல.”

அந்த நிறுவனத்துக்கு நானே போன் செய்தேன். அந்தப் பெண்மணிதான் பேசினார். அந்தப் பக்கத்து நிலையத்தைப் பற்றிக் கேட்டேன். “ஒப்பந்தம் முடிஞ்சாச்சு. ஒளிபரப்பு ஆணையத்தோட அனுமதிக்குக் காத்திருக்கோம். போட்டுக்கோங்க” என்றார். எங்கள் நிலையத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அதை நாத்தனார் கேட்டிருக்கிறாள். அதற்கும் ஆமாம் என்றாராம்.

செய்தி இரண்டும் உண்மை. முதலாளியிடம் முழுதாகச் சொல்லாதது மட்டும் உறுத்துகிறது. அவர் எங்களிடம் சொன்னாரா என்ன? — இது ஒரு நியாயமா? தெரியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஏழு மணிச் செய்தியைப் பார்க்க முதலாளி கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். எங்கள் திரையில் அவர்கள் கட்டடம் வந்தது, “கைமாறுகிறது” என்ற எழுத்தோடு. தலையாட்டி ரசித்தார்.

பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு, அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று கவனிப்பதற்காக. சத்தம் இல்லாமல் ஓடும். அதில் எங்கள் கட்டடம் வந்தது. எங்கள் வாசல், எங்கள் கோபுரம், காவலாளியின் முதுகுகூட.

பொறியாளர்தான் முதலில் பார்த்தார். பிறகு முக்காலி. கடைசியாக முதலாளி. சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கேட்டார், முழுதும்.

“உன் நாத்தனார் வேலையா?”

“அவங்க நிலையத்துச் செய்தி சார். தப்புன்னா மறுப்பு கேக்கலாம்.”

அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தப்பு என்று அவர் சொல்ல வேண்டும் என்று நான்கூட ஒரு நொடி ஆசைப்பட்டேன். கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

மார்ச் 25, புதன்

வரவேற்பில் தொலைபேசி ஓயவில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இனிமேல் ஒரே செய்தியா?

என் வேலை போகவில்லை. என்னை அனுப்பினால் அதையும் அவள் செய்தியாகப் போடுவாள் என்று முதலாளிக்குப் பயமாம். மேக்கப் அக்கா தகவல்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நிறைய புகார் போயிருக்கிறது. ஒளிபரப்பு ஆணையம் ஊருக்கே வந்து பொது விசாரணை நடத்தப்போகிறதாம். இந்த மாதிரி ஒன்று உண்டு என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நூலக அரங்கில் விசாரணை. நாற்காலி போதவில்லை, சுவரோடு சாய்ந்து நின்றார்கள். அந்தப் பெண்மணி நன்றாகவே பேசினார்: புதுக் கருவிகள், கூடுதல் சம்பளம், தெளிவான படம். எதுவும் பொய்யில்லை. முக்காலி கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். “நான் ரெண்டையும் பாக்கறவன். ஒருத்தர் ஆயிரம் பேர் கூடினாங்கன்னுவார், இன்னொருத்தர் நூறு பேர்ம்பார். ரெண்டும் இருக்கறதாலதான் ஒருத்தர் அளந்து விடறார்னு தெரியுது. ஒண்ணே ஒண்ணுன்னா நான் நம்பிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

சிரித்தார்கள். நானும் நாத்தனாரும் சிரிக்கவில்லை. அளந்து விட்டது எங்களில் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு முறை நான், ஒரு முறை அவள்.

மே 20, புதன்

முடிவு வந்துவிட்டது. ஒரே ஊரில் இரண்டு நிலையமும் ஒரே கைக்குப் போகக் கூடாது. ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் அந்தப் பக்கத்து நிலையத்தை எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் பெரிது, கோபுரம் உயரம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் பேசி ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். “நான் ஓய்வெடுக்கலாம்னு இருந்தேன். மூட்டுவலி உனக்குத் தெரியும்ல. இனிமே இதைக் கேட்டு எவனும் வரமாட்டான்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம். களைப்பாகச் சொன்னார்.

அவரும் ஒரு மனுஷன்தானே என்று அப்போதுதான் பட்டது. செய்தியைப் பற்றி யோசித்த அளவுக்கு அவர் மூட்டுவலியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

மேக்கப் அக்காவும் முக்காலியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. அங்கே சம்பளம் கூடுதல். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? செய்தி வாசித்தவளும் போய்விட்டதால் நானேதான் வாசிக்கிறேன். பவுடர் நானே போட்டுக்கொள்வதில் கன்னத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு நிறம். முதலாளி இன்று எட்டிப் பார்த்து, “விளக்கைக் கொஞ்சம் கொறைச்சா தெரியாது” என்றுவிட்டுப் போனார்.

வாசித்து முடித்துச் சின்னத் திரையைப் பார்த்தால், பெரிய பாலத்தின் அடித்தூணில் விரிசல். படத்தோடு, நகராட்சியின் சொந்த ஆய்வறிக்கையோடு. எங்களிடம் அதில் ஒரு வரி இல்லை. நான் இன்று மதியம் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வந்தேன்.

உடனே நாத்தனாருக்குப் போன் செய்தேன், அங்கே ஆசிரியர் இன்னமும் அவள்தான். “அந்த அறிக்கை எப்படிடீ கிடைச்சுது? யார் கொடுத்தா?”

“சொல்ல மாட்டேன் அண்ணி” என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாளைக்கு விடிந்ததும் நகராட்சிக்குப் போகிறேன். விரிசல் விட்டது அந்த ஒரு தூண்தானா என்று அவள் கேட்டிருக்க மாட்டாள்.